ஷியூயுனுக்கு விழுந்த கருவி

காவ்ஷியோங் நகரில் துறைமுகத்துக்கும் மலையடிவாரத்துக்கும் போய்வரும் எங்கள் பஸ்ஸை ஓட்டுபவர்களில் கோ ஷியூயுன் ஒருத்தி. வாய் அதிகம், தண்ணீர் குடிப்பது குறைவு. வழியில் ஒதுங்க இடமில்லை, என்ன செய்வாள்? போன கோடையில் சிக்னலில் நிற்கும்போது விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். சிறுநீரகத்தில் பெரிய கல்.

அதே மாதம் இன்னொரு டிரைவர் யாங் தேஷெங்குக்கும் அதே வலி, அதே மருத்துவமனை. முதுகில் சின்னத் துளை போட்டுக் கல்லை உடைத்து எடுப்பார்களாம். உடைக்கிற கருவிகள் இரண்டை அங்கே ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று லேசர். மற்றது அதிர்ந்து உடைத்து, தூளை உறிஞ்சியும் எடுக்கிற கம்பி. சம்மதித்தவர்களுக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். இருவருமே சம்மதித்தார்கள். லேசர் தேஷெங்குக்குப் போய்விட்டது.

"கம்பியா? ரோட்டைத் தோண்டுறாங்களே, அந்த மெஷின் மாதிரியா?" என்று டாக்டர் லூவிடம் கேட்டாள் ஷியூயுன்.

"கொஞ்சம் அப்படித்தான். ஆனா டிராஃபிக்கை நிறுத்த மாட்டோம்," என்றார் அவர்.

ஆபரேஷன் முடிந்து நான் பார்க்கப் போனபோது இருவரும் வராந்தாவில் உட்கார்ந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒளியாலேயே உடைச்சாங்க அக்கா. உனக்குத் தோண்டியிருக்காங்க."

"தோண்டுனதோட பெருக்கியும் விட்டாங்கடா. உன் குப்பை உள்ளேயேதான் கெடக்கும்."

ஸ்கேன் வந்தது. இருவருக்கும் ஒரு துணுக்குகூட மிச்சமில்லை. இருவர் முகமும் தொங்கிப்போயிற்று.

"எது மேல்னு உங்க ரெண்டு பேரை வச்சு சொல்ல முடியாது. இன்னும் நிறையப் பேருக்குப் பண்ணிப் பாக்கணும்," என்றார் டாக்டர். "ஆனா தண்ணி குடிக்கலேன்னா, எதால எடுத்தாலும் கல் திரும்ப வரும்."

வேலைக்குத் திரும்பிய அன்றே ஷியூயுன் மேனேஜர் அறைக்குள் போனாள். பஸ் கிளம்பும் நேரங்களைப் போடுபவன் என்பதால் என்னையும் இழுத்துப்போனாள். உடைத்தெடுத்த கல் துண்டுகள் இருந்த குட்டி பாட்டிலை அவர் டீக்கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதை எதுக்கும்மா இங்க கொண்டுவந்தே?"

"கடைசி ஸ்டாப்ல ஒதுங்கிட்டு வர நேரம் குடுங்க சார். எடுத்துடுறேன்."

அவர் என்னைப் பார்த்தார். முடியும் என்றேன். அந்த வாரமே நேரம் மாறியது.

முதல் நாள், "பஸ் ஏன் நிக்குது?" என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். ஷியூயுன் நிதானமாகப் போய்விட்டு வந்து, சீட்டில் உட்கார்ந்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள்.

"இப்போ போலாம் தாத்தா," என்று சொல்லி வண்டியை எடுத்தாள்.