லத்தீனும் நானூறு மீட்டரும்

காலை ஏழு பத்துக்குக் கல்லூரி வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் தெரிந்தது ஒரு கால். சதை இல்லை, எலும்பு மட்டும். உடற்பயிற்சி அறிவியல் ஆசிரியர் ஓர் எலும்புக்கூட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். ஏதோ மருத்துவக் கல்லூரி கழித்துப்போட்டது. இடது கையில் இரண்டு விரல்கள் கிடையாது.

"ரெண்டு பேருன்னு முன்னாடியே சொல்லிருக்கணும் சார்," என்றார் ஆட்டோக்காரர்.

எங்கள் பட்டப்படிப்பு அன்று தொடங்கியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெங்களூரில் அப்போது பி.ஏ. என்றால் மூன்று பாடம். வரலாறு, பொருளாதாரம், அரசியல் என்று மூன்று மூன்றாகக் கட்டித்தான் கொடுப்பார்கள். பாதிரியார்கள் நடத்திய எங்கள் கல்லூரி புதிதாக ஒரு படிப்பைத் தொடங்க நினைத்து, உடற்பயிற்சி அறிவியல், விளையாட்டு மேலாண்மை என்று இரண்டு வரைக்கும் யோசித்திருந்தது. மூன்றாவது தோன்றவில்லை. அதே கட்டடத்தில் லத்தீன் தெரிந்த ஃபாதர் ஒருவர் சில வருடங்களாக மாணவரே இல்லாமல் இருந்தார். தசைக்கும் எலும்புக்கும் பெயரெல்லாம் லத்தீன்தானே என்று நிர்வாகக் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். தீர்மானம் நிறைவேறியது.

சேர்ந்தவர்கள் ஏழு பேர். கெண்டைக்கால் தசைக்கு என்ன பெயர் என்று உடற்பயிற்சி ஆசிரியரிடம் கேட்டால், "அது லத்தீன்பா, ஃபாதரக் கேளு," என்பார். ஃபாதரிடம் போனால், தமது புத்தகத்தில் படைகள் ஆற்றைக் கடக்கின்றன, ஆடுகள் பலியிடப்படுகின்றன, பாவங்கள் மன்னிக்கப்படுகின்றன, கெண்டைக்கால் மட்டும் எங்கும் வரவில்லை என்று வருத்தத்தோடு சொல்வார். இரண்டாம் ஆண்டு முடிவில் எங்களால் லத்தீனில் பாவமன்னிப்புக் கேட்க முடிந்தது. சுளுக்கு எந்த இடத்தில் என்று சொல்ல முடியவில்லை.

மேலாண்மை ஆசிரியர் வணிகவியலிலிருந்து வந்த கன்னடக்காரர். எங்களிடம் தமிழில்தான் பேசுவார். திட்டமிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்துதல் என்று பலகையில் எழுதுவார். மூன்று வருடத்தில் ஒரு பந்துகூட அந்தப் பாடத்துக்குள் வந்து விழவில்லை. இறுதியாண்டு செய்முறைத் தேர்வாக, கல்லூரிகளுக்கிடையே ஒரு தடகளப் போட்டியை நாங்களே நடத்த வேண்டும் என்றார். ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வேலை எனக்கு. செயலாளர் பதவி என் நண்பனுக்கு. அவனுடைய கையெழுத்து அழகாக இருக்கும் என்பதுதான் காரணம்.

அவன் ஜீவனஹள்ளிக்காரன். அப்பாவுக்குப் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. அரசுத் தொழிற்சாலை ஒன்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பதாக அப்போது விளம்பரம் வந்திருந்தது. பட்டம் வேண்டும், கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் முதல் இடம் பெற்ற சான்றிதழ் வேண்டும். இரண்டாம் இடம் செல்லாது. கடைசித் தேதிக்கு முன் மிச்சமிருந்த ஒரே போட்டி எங்களுடையது. அவன் ஓடுவது நானூறு மீட்டர். அதில் அவனுக்குச் சமமாக ஓடக்கூடியவன் ஒரு பொறியியல் கல்லூரி மாணவன் மட்டுமே.

போட்டி நிரல் தயாரிப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. வேறொரு கல்லூரியின் போன வருட நிரலை வாங்கி, பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். நண்பனும் அப்படியே செய்தான். நானூறு மீட்டர் இறுதி ஓட்டம், மாலை மூன்றரை. எல்லாக் கல்லூரிகளுக்கும் தபாலில் அனுப்பிய பிறகுதான் அறிவிப்புப் பலகையைப் பார்த்தான். லத்தீன் வாய்மொழித் தேர்வில் அவனுடைய நேரமும் அதே நாள், அதே மூன்றரை. அந்தத் தாள் ஒரு வாரமாக அங்கேதான் இருந்தது.

மேலாண்மை ஆசிரியரிடம் போனோம்.

"செக்ரெட்டரி யாரப்பா?"

"நான்தான் சார்."

"ஷெட்யூல் போட்டது?"

"நான்தான் சார்."

"அப்ப கம்ப்ளெய்ன்ட் யாருக்குக் குடுக்கணும்?"

"எனக்கு சார்."

"குடு. எழுத்துல குடு. பதிலும் எழுத்துல போடு. ரெண்டும் ஃபைல்ல இருக்கணும்."

ஓட்டவீரன் என்ற முறையில் அவன் செயலாளருக்குக் கடிதம் எழுதினான். செயலாளர் என்ற முறையில், நிரலை மாற்ற இயலாது என்று வருத்தத்துடன் பதில் எழுதினான். செய்முறைக் கோப்புக்குப் பத்துக்கு ஒன்பது கிடைத்தது.

தேர்வை மாற்றவும் வழியில்லை. வெளித் தேர்வாளராக வரும் முதிய பாதிரியாருக்கு அந்த ஒரு நாள்தான் சௌகரியம். கடைசியில் ஃபாதர் இரங்கினார். "நாங்க கிரவுண்டுக்கு வர்றோம்பா. உக்கார சேர் மட்டும் போட்டு வை."

அன்று மூன்று இருபதுக்கு ஷாமியானாவின் கீழ் இரண்டு வெள்ளை அங்கிகள் உட்கார்ந்திருந்தன. மற்ற கல்லூரிக்காரர்கள் மைதானத்தில் குதித்தும் குனிந்தும் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். நண்பன் பனியனில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு வந்து அங்கிகளின் முன்னால் கையைக் கட்டி நின்றான். ஓட்டத்துக்கு முந்தைய நாடித்துடிப்பு தமது ஆய்வுக்கு வேண்டும் என்று உடற்பயிற்சி ஆசிரியர் அந்தக் கட்டிய கைகளில் ஒன்றைப் பிரித்துப் பிடித்துக்கொண்டார்.

'ஓடுதல்' என்ற வினையைக் கேட்டார் வெளித் தேர்வாளர். சூழ்நிலைக்குப் பொருத்தமாகக் கேட்டதில் அவருக்கே ஒரு புன்னகை வந்தது.

"குர்ரோ, குர்ரிஸ், குர்ரித்," என்று தொடங்கினான்.

"எண்ணிட்டிருக்கேன், பேசாத," என்றார் உடற்பயிற்சி ஆசிரியர்.

"அவன் பேசித்தான் ஆகணும் சார்," என்றார் ஃபாதர்.

நான் ஒலிபெருக்கியில் மூன்றாவது முறையாக அவன் பெயரைக் கூப்பிட்டேன். இறந்தகாலம் பாதியில் இருந்தது. அதை முடித்துவிட்டு ஓடி வந்து தன் கோட்டில் நின்றான். மூச்சு விடுவதற்குள் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் மரக்கட்டை தட்டப்பட்டது.

முந்நூறு மீட்டர் வரை அவன்தான் முன்னால். கடைசி வளைவில் தொடையைப் பிடித்தது. அந்தத் தசையின் பெயரும் எங்களில் யாருக்கும் தெரியாது. பொறியியல் மாணவன் ஒரு மார்பு வித்தியாசத்தில் முந்தினான். குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தவனின் மணிக்கட்டை ஆசிரியர் மறுபடி பிடித்தார். "ஒரு நிமிஷம் ஆடாம இருப்பா."

லத்தீனில் தேறினான். வெளித் தேர்வாளர் போகும்போது அவன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

சான்றிதழ்களை எழுதுவது செயலாளரின் வேலை. முதல்வர் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்ததால் காலையிலேயே எல்லா வெற்றுச் சான்றிதழ்களிலும் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் முடிவுத் தாளைப் பார்த்து வாசிக்க, அவன் எழுதினான்.

"அடுத்தது நானூறு," என்றேன்.

"யார் ஃபர்ஸ்டு?"

"வெளையாடாத மச்சா."

"செக்ரெட்டரி கேக்கறேன் குரு. ஷீட்டப் பாத்துச் சொல்லு."

சொன்னேன். பொறியியல் மாணவனின் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினான். அடுத்த தாளை எடுத்துத் தன் பெயரை எழுதினான். இடம் என்பதற்கு நேரே இருந்த புள்ளிக்கோட்டில் பேனா நின்றது.

"ஆச்சா? ஷாமியானாக்காரன் அவுக்க வந்துட்டான்," என்றார் மேலாண்மை ஆசிரியர், தூரத்திலிருந்து.

"ஆச்சு சார்," என்று சொல்லிவிட்டு எழுதினான்.

அன்று நானூறு மீட்டர் ஓட்டத்துக்கு முதல் இடச் சான்றிதழ்கள் இரண்டு வழங்கப்பட்டன. இரண்டாம் இடத்துக்கு எதுவும் வழங்கப்படவில்லை.