பெயர் கேட்காத படிவம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் நீரிழிவு ஆய்வுக்கான வினாத்தாளைத் தமிழாக்கியவள் நான். கிள்ளானில் அதற்கான பதில்களைச் சேகரிக்கவும் ஒப்புக்கொண்டு, கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஞாயிறுதோறும் ரயிலேறினேன். முதல் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: ‘பெயர் கேட்கப்படாத, ஆபத்துக் குறைந்த ஆய்வு என்பதால் நெறிமுறைக் குழுவின் பரிசீலனையிலிருந்து விலக்களிக்கப்பட்டுள்ளது.’ விலக்களித்தது அவர்கள் நாட்டுக் குழு. இங்கே எந்தக் குழுவின் பார்வைக்கும் அது வரவில்லை. ‘விலக்கு’ என்ற சொல்லுக்காக அரைநாள் அகராதி புரட்டிய எனக்கு, யார் யாருக்கு விலக்களிக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அங்கே அவரவர் வீட்டில் தனியே நிரப்பும் தாள் அது. கோயில் மண்டபத்தில் இலவச இரத்தப் பரிசோதனைக்கு வரிசையாக அமர்ந்திருந்த பெண்களோ, “கண்ணாடி எடுத்துட்டு வரல மா, நீயே படி” என்றார்கள். படித்தேன்.

பள்ளி வேன் ஓட்டும் ஆன்டி ஒருவரிடம், கடந்த ஒரு மாதத்தில் வாகனம் ஓட்டும்போது தலைச்சுற்றல் வந்ததா என்று கேட்டேன்.

“ஒரு தடவ வந்துச்சு. பிள்ளைங்கள ஏத்தறதுக்கு முன்னாடி. ஓரமா நிறுத்தி, கடையில பால் இல்லாம இனிப்பா ஒரு தே ஓ வாங்கிக் குடிச்சேன், சரியாயிடுச்சு.”

தாளில் ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டே கட்டங்கள். “அப்போ ‘ஆம்’னு போடறேன் ஆன்டி” என்றேன், சுற்றிலும் கேட்கும்படி.

பின்னால் இருந்தவர், “ஐயோ, என் மக உங்க வேன்லதானே வர்றா! இனிமே ஹெல்மெட் போட்டு அனுப்பணும் லா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆன்டியும்தான்.

அடுத்த ஞாயிறு அவர் என்னை மண்டப வாசலிலேயே நிறுத்தினார். “அஞ்சு பிள்ளைங்க வேன்ல வராம நின்னுட்டாங்க. பேரு எழுத மாட்டோம்னு நீதானே மா சொன்ன? என் தாளக் குடுத்துடு.”

ஆய்வாளருக்கு எழுதினேன். மறுநாளே பணிவான பதில் வந்தது: பெயர் சேகரிக்கப்படாததால் எவருக்கும் பாதிப்பு நேர வாய்ப்பில்லை, அதே காரணத்தால் எவருடைய தாளையும் திரும்பப் பெற இயலாது, அங்கே விலக்குப் பெற்ற ஆய்வுக்கு இங்கே மறுபரிசீலனை தேவையில்லை.

வேன் ஓட்டுநர் என்று தொழில் குறித்த தாள் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருந்தது. இந்த ஊரில் ஒருவரை அடையாளம் காணப் பெயர் எதற்கு? ஆபத்தின் அளவை எங்கிருந்தோ கணித்தவர்கள், கேள்வி எங்கே, யார் காதுபட வாசிக்கப்படும் என்று கேட்கவில்லை. இங்குள்ள ஒருவர் அந்தக் குழுவில் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். பிள்ளைகளை நிறுத்திய தாய்மார்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் கேட்டது ‘ஆம்’ என்ற என் குரலை.

அன்று மாலையே கிள்ளானுக்குப் போய்த் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். ஆன்டி அதை நான்காக மடித்தார்.

“இத வச்சு நான் என்ன செய்ய? சத்தமா கேட்டது நீதானே. அந்த அஞ்சு வீட்டுலயும் நீயே போய்ச் சொல்லு.”

அறிமுகமில்லாத வீட்டு மணியை அழுத்தவே தயங்குகிறவள் நான். அன்று ஐந்து வீடுகளின் மணியை அழுத்தி, பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்பே வேனை நிறுத்தியது உட்பட, ஆன்டி சொன்னதை முழுவதுமாகச் சொன்னேன். இரண்டு பிள்ளைகள் வேனுக்குத் திரும்பினார்கள். மூன்று பேர் வரவேயில்லை. எஞ்சிய தாள்களை நான் வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை. நான் படிக்கும் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடம் புகாருடன் ஒப்படைத்தேன்.