அருவியில் கரைக்க அனுமதி இல்லையாம்

இன்று மனைவியின் சாம்பலைக் கரைக்க நானும் மகனும் குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து நீலமலைப் பக்கம் ஒரு சின்ன அருவிக்குப் போனோம். முதல் வெள்ளைக் குடியேறிகள் மாட்டுவண்டி ஓட்டிய பழைய பாதையில் இருக்கிறது.

கலசத்தைத் திறக்கவும் தேசியப் பூங்காக் காவலர் வந்துவிட்டார். நடுத்தர வயதுப் பெண். அனுமதி எடுக்காமல் கரைக்கக் கூடாதாம்.

பக்கத்திலேயே வேலி போட்ட ஒரு கல்லறை. ஒரு குடியேறியின் மனைவி, வண்டிப் பயணத்தில் செத்துப்போனவளாம்.

"இவளை இங்கை மண்ணிலை தாட்டவை ஆரிட்டை அனுமதி கேட்டவை எண்டு கேள்" என்றேன் மகனிடம், கல்லறையைக் காட்டி.

"அப்பா, மானத்தை வாங்காதேங்கோ. சும்மா வாங்கோ."

எனக்குத் தெரிந்த இங்கிலீசில் நானே கேட்டேன்.

அவர் கல்லறையைப் பார்த்தார். "எங்கள் ஆட்களிடம் ஒருவரும் கேட்கவில்லை" என்றார்.

அப்போதுதான் அவர் பூர்வகுடிப் பெண் என்று விளங்கியது. கலசத்தை மூடினேன். கோபம் மட்டும் அடங்கவில்லை. கலசத்தை மடியில் வைத்தபடி குவேக்கர்ஸ் ஹில் வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

"கடலில் கரையுங்கோ" என்று ஒருவரும் இங்கே எழுத வேண்டாம். படகில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் கடற்கரைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

வேறு நல்ல தண்ணீர் தெரிந்தால் சொல்லுங்கள். அங்கே உண்மையில் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.