அக்கா சென்னைக்குப் போகலாம்

அக்காவுக்குச் சென்னையில் வேலை கிடைத்தபோது எனக்குப் பதினோரு வயது. எங்கள் வீட்டில் சென்னையைப் பார்த்திருந்தவர் சின்னத்தா ஒருவர்தான். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். இவர் அத்தாவின் தம்பி. மிளகாய் வத்தல் லோடு ஏற்றிய லாரியில் சில தடவை போயிருக்கிறார். மார்க்கெட் வாசலில் இறங்கி, சரக்கை இறக்கிவிட்டு, புரோட்டா தின்று, அதே லாரியில் விருதுநகர் திரும்பியவர். ஆனாலும் அந்த ஊரைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. குழாயில் தண்ணீர் வராது, பக்கத்து வீட்டில் இழவு விழுந்தாலும் எவனும் கதவைத் திறக்க மாட்டான், சோற்றை அளந்துதான் போடுவார்கள் என்று எல்லாவற்றையும் அடித்துச் சொல்வார். நாங்களும் வாயைப் பிளந்து கேட்போம்.

கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனி ஒன்று அக்காவைத் தேர்ந்தெடுத்திருந்தது. அதில் ஒரு கொக்கியும் இருந்தது. வேலையில் சேர்ந்ததும் இங்கிலீஷில் பேச வைத்துப் பார்ப்பார்களாம். தடுமாறுகிறவர்களை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அக்கா எழுதினால் பிழை இருக்காது. பேச வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும். பழகிக்கொள்ளக் கல்லூரியில் ஒரு நகல் தாள் கொடுத்திருந்தார்கள். அதில் பெரிய நகரத்துத் தெரு ஒன்றின் படம் இருந்தது. பஸ் நிறுத்தம், உயர உயரமான கட்டடங்கள், தோளில் பை மாட்டிய ஒரு பெண். அந்தப் படத்தைப் பார்த்து மே, மைட், மஸ்ட், கான்ட் என்ற சொற்களை வைத்து, அதில் என்ன நடக்கலாம் என்று ஊகித்து இரண்டு பேர் உரையாட வேண்டும். இரண்டாவது ஆளுக்கு வீட்டில் என்னை விட்டால் நாதியில்லை.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு மொட்டை மாடியில் வகுப்பு தொடங்கும்.

"தெரியாத விசயத்த 'இருக்கு'ன்னு சொல்லக் கூடாது. மே போட்டுச் சொல்லணும். இருக்கலாம்னு அர்த்தம்," என்றாள் அக்கா.

"அப்ப மைட்?"

"அதுவும் இருக்கலாம்தான். சந்தேகம் கொஞ்சம் கூட."

"எம்புட்டு கூட?"

அக்கா சற்று யோசித்துவிட்டு, "ஒரு சிட்டிகை," என்றாள்.

அந்தச் சிட்டிகையை எங்கே போடுவது என்பது எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. மஸ்ட் என்றால் கட்டாயம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அக்காவோ படத்திலிருந்த பெண்ணைக் காட்டி, 'ஷி மஸ்ட் பி டயர்ட்' என்றாள். அவள் களைத்துப்போயிருந்தே ஆக வேண்டும் என்று யார் உத்தரவு போட்டது என்று கேட்டேன். உத்தரவு இல்லை, பார்த்தால் தெரிகிறது, அதனால் மஸ்ட் என்றாள். எனக்குப் பார்த்தால் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கீழே போய்ப் பொரி தின்ன வேண்டியதுதானே, அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவானேன் என்பதுதான் எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது.

அக்கா விடவில்லை. அந்தப் பெண்ணுக்கு விடுதியில் ஜன்னலோரக் கட்டில் இருக்கலாம். பக்கத்துக் கட்டில்காரி வேறு பாஷை பேசுகிறவளாக இருக்கலாம். சம்பளம் வந்த அன்று இருவரும் கடற்கரைக்குப் போகக்கூடும். அவள் அழுதுகொண்டிருக்க முடியாது, கான்ட். பேசப் பேச அக்காவின் குரல் தெளிந்து வந்தது. காற்று மட்டும் வந்த வாயிலிருந்து முழு வாக்கியங்கள் வந்தன. அந்த ஒரு மாதத்தில் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவளை அப்படிப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

புதிதாகப் படித்தவள் சும்மா இருப்பேனா? வீட்டில் யார் எதை உறுதியாகச் சொன்னாலும் பாய்ந்து திருத்தினேன். மழை வரும் என்று அம்மா சொன்னால், "மே போடுங்கம்மா," என்பேன். சென்னையில் தண்ணீர் வராது என்ற சின்னத்தாவை, "வராமலும் இருக்கலாம்னு சொல்லுங்க. நீங்க என்ன குழாயத் தொறந்தா பாத்தீக?" என்று கேட்டேன். கழுதை என்று திட்டிவிட்டு எழுந்து போனார்.

திருத்த வேண்டிய அவசியமே இல்லாத ஒரே ஆள் அத்தாதான். அத்தாவுக்கு வத்தல் கமிஷன் கடை. மூட்டைகளுக்கு நடுவே வாழ்கிறவர், வாயிலிருந்து உறுதியான சொல் ஒன்று விழாது. விலை ஏறுமா என்று கேட்டால், "ஏறுனாலும் ஏறும், எறங்குனாலும் எறங்கும்," என்பார். எங்கள் குடும்பத்தில் பிறவியிலேயே இங்கிலீஷ் இலக்கணம் தெரிந்தவர் அத்தா என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஒருநாள் கடையிலிருந்து வந்து, குளித்து, தும்மி முடித்தவர், "மாடியில இன்னிக்கு என்ன பாடம்?" என்று என்னிடம் கேட்டார். 'மை சிஸ்டர் மே கோ டு சென்னை நெக்ஸ்ட் மன்த்' என்று ஒப்பித்துவிட்டு அர்த்தமும் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார்.

அக்காவை அனுப்புவாரா மாட்டாரா என்பதுதான் அப்போது வீட்டில் ஒரே கேள்வி. அம்மா கேட்டாலும் அக்கா கேட்டாலும், "பாப்போம்," என்பதே அத்தாவின் பதில். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அக்கா என்னைத் தனியாக இழுத்துப் போவாள். எப்படிச் சொன்னார், முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, சோற்றைப் பார்த்துச் சொன்னாரா என்று துருவுவாள். இது மேயா மைட்டா என்று நான் கேட்பேன். அவளுக்கே தெரியாது.

அத்தாவின் கைகளைக் கட்டிப் போட்டிருந்தவர் குப்பி. அத்தாவின் மூத்த சகோதரியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தாயில்லாத பிள்ளையாக இருந்த அத்தாவை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். தெருமுனை தாண்டி வரும்போதே அவருடைய செருப்புச் சத்தத்தை வைத்து அத்தா எழுந்து நின்றுவிடுவார். குப்பி சொல்லி அத்தா மறுத்த ஒரு காரியத்தை யாரும் பார்த்ததில்லை. பெண்பிள்ளையைத் தனியாகப் பட்டணத்துக்கு அனுப்பும் பேச்சே குப்பிக்கு ஆகவில்லை. வாதாடவும் இல்லை. சிவகாசியிலிருந்து ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். காலண்டர் அடிக்கும் பிரஸ், சொந்த வீடு, ஒரே பையன். சீசன் தொடங்கினால் மூச்சு விட நேரமிருக்காது, அதற்குள் பேசி முடித்துவிடலாம் என்றார். அத்தா வழக்கம் போல, "பாப்போம்க்கா," என்றார். குப்பி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு, வருகிற வெள்ளிக்கிழமை அவர்களை வரச் சொல்லிவிட்டார்.

அக்கா அழவில்லை. மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். நகல் தாளை நான் எடுத்துக்கொண்டு போய் நீட்டினால், "வேண்டாம்டி, வேலையிருக்கு," என்பாள். வேலை எதுவும் இல்லை. சிவகாசியும் ஊர்தானே, அந்தப் பெண்ணின் ஜன்னலோரக் கட்டில் அங்கேயும் இருக்கலாமே என்று கேட்டதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர்கள் வந்தார்கள். சென்னை என்ற சொல்லே வீட்டில் எழக் கூடாது என்பது குப்பியின் கட்டளை. பெண் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள், நன்றாகச் சமைப்பாள் என்று சொல்லி வைத்திருந்தார். என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும் என்பதால், கூட்டம் போகும் வரை அடுப்படியைத் தாண்டக் கூடாது என்று அம்மா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெண்கள் உள் அறையில் அக்காவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் முன்னறையில் இருந்தார்கள். நடுவே ஒரு திரைச்சீலை. நான் அடுப்படியில் சம்சா தட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

முன்னறையிலிருந்து அத்தா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். விருந்தாளிகள் இருக்கும்போது அவர் எங்களைக் கூப்பிடவே மாட்டார். தவறுதலாகக் கூப்பிடுகிறார் என்று பேசாமல் இருந்தேன். மறுபடியும் கூப்பிட்டார். அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்கும் ஒன்றும் புரியவில்லை. போ என்று கண்ணைக் காட்டினார்.

மாப்பிள்ளையின் அத்தா நல்ல மனிதர். என்ன படிக்கிறாய் என்று சிரித்தபடி கேட்டார்.

அத்தா முந்திக்கொண்டு, "நல்லா இங்கிலீசு பேசும். அக்காதான் சொல்லிக்குடுக்கா," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னிக்கு எங்கிட்ட ஒரு பாடம் சொன்னியே தாயி, அதச் சொல்லு," என்றார்.

மெச்சுதலுக்கு ஏங்கிக் கிடக்கிற வயது. கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளியில் பரிசு வாங்கப் போகிறவளைப் போல நின்று, மை சிஸ்டர் மே கோ டு சென்னை நெக்ஸ்ட் மன்த் என்று கணீரென்று சொன்னேன்.

பல ஊர் ஆர்டர்களைப் பார்க்கிற மனிதருக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியாமல் இருக்குமா? "சென்னைக்கா? எதுக்குமா?" என்றார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தானே வேண்டும். அக்காவுக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது, சேர ஒரு மாதம்தான் இருக்கிறது, விடுதியில் ஜன்னலோரம் கட்டில் கிடைத்தாலும் கிடைக்கும் என்று நான் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன்.

திரைக்குப் பின்னாலிருந்து குப்பியின் குரல் வந்தது. "சின்னப் புள்ள, பாடத்த ஒப்பிக்குது. நீங்க டீ குடிங்க."

மாப்பிள்ளையின் அத்தா டீ குடிக்கவில்லை. எங்கள் அத்தாவைப் பார்த்து, "பாடந்தானாண்ணே?" என்று கேட்டார்.

அத்தா தலை குனிந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. குப்பி திரையை விலக்கிக்கொண்டு அங்கேயே நின்றார். அத்தா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"வேலை வந்தது உண்மைதான்," என்றார்.

சண்டை எதுவும் நடக்கவில்லை. வந்தவர்கள் மரியாதையாக ஆளுக்கொரு சம்சா தின்றார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். வேலைக்குப் போக நினைக்கிற பெண்ணை வீட்டுக்குள் வைத்திருக்கத் தங்களுக்கு மனம் வராது என்று இரண்டு நாள் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் கிளம்பிப் போன வெள்ளிக்கிழமை முழுதும் எனக்குத்தான் திருவிழா. அம்மா தொடையில் திருகினார். சின்னத்தா, இதுக்குத்தான் பொட்டப் புள்ளைக்கு இங்கிலீசு வேண்டாங்கிறது என்றார். குப்பி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, தன் தம்பியை நன்றாக ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அக்கா மட்டும் என்னை மாடிக்குக் கூட்டிப் போய் மூச்சு முட்டக் கட்டிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டது ஒருவர், சொன்னது நான், திட்டியது இத்தனை பேர், கட்டிக்கொண்டது ஒருத்தி. எனக்குத் தலை சுற்றியது. என்னைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னவர் அத்தாதான் என்பதை ஒருவரும் எடுத்துப் பேசவில்லை. அவரும் பேசவில்லை.

அடுத்த மாதம் அத்தாவே அக்காவைச் சென்னையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். தெரு அந்தப் படத்தில் இருந்த மாதிரியே இருந்ததா என்று கேட்டேன். "அம்புட்டு கூட்டம் தாயி," என்றார். அக்கா பேச்சுப் பரீட்சையில் தேறிவிட்டாள் என்று போன் வந்தது. கட்டில் ஜன்னலோரத்தில் இல்லை, கதவோரத்தில்தான் கிடைத்தது. அதனால் என்னடி என்றாள்.

குப்பி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் அத்தா எழுந்து நிற்பதும், வேறு யாரோ என்று தெரிந்து உட்காருவதும் பல நாள் நடந்தது. நோன்புப் பெருநாள் அன்று அம்மா தூக்குச்சட்டியில் பிரியாணி எடுத்து வைத்தார். அத்தா என்னையும் ஏற்றிக்கொண்டு குப்பி வீட்டுக்கு வண்டியை விட்டார். குப்பி வாசலுக்கு வந்தார். சட்டியை என் கையிலிருந்து வாங்கினார், என் கன்னத்தைத் தடவினார், சாப்பிட்டியா என்று கேட்டார். அத்தா, "அக்கா," என்றார். குப்பி சட்டியோடு உள்ளே போய்விட்டார். உட்காரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. அத்தா வண்டியை அணைத்துவிட்டுக் காலை ஊன்றி நின்றார். என்னால்தானே இத்தனையும் என்று எனக்குத் தோன்றியது.

"அத்தா, நான் போயி குப்பிகிட்ட மன்னிப்புக் கேக்கவா?"

"ஒம்மேல அவுகளுக்குக் கோவமில்ல தாயி."

"அப்ப யார் மேல?"

அந்த நேரம் பார்த்துக் கூட்ஸ் வண்டி வந்தது. நீளமான வண்டி. கடைசிப் பெட்டி போகும் வரை அத்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட் திறந்ததும் வண்டியை உதைத்துக் கிளப்பினார். ரயில் சத்தத்தில் நான் கேட்டது அவர் காதில் விழவில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.