பைனாகுலர் விற்றவர்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய சாமான் விற்பவர்களுக்கு நடுவே அவர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எண்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, பையில் டெஸ்டர். முன்னால் விரித்திருந்த பெட்ஷீட்டில் கேமரா, செஸ் போர்டு, பைனாகுலர். யார் எதை எடுத்தாலும், வாங்கித் துடைத்து, இயக்கிக் காட்டிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

"திருமுடிவாக்கத்துல இன்ஜினியரா இருந்தேன். இதெல்லாம் அப்போ சாயங்காலப் பொழுதுபோக்கு," என்றார்.

நான் பைனாகுலரை எடுத்தேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் அவர் பறவை பார்த்தது அதில்தானாம்.

"ஏன் சார் விக்கிறீங்க?"

"கண்ணு போய்ட்டிருக்குப்பா. டாக்டர் இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லன்னுட்டார். மிஷின்ல ஒரு பக்கம் தேஞ்சா லோடை இன்னொரு பக்கம் மாத்துவோம்ல? காது நல்லாத்தான் இருக்கு."

நாற்காலிக்கடியில், அன்று காலை அதே சந்தையில் அவர் வாங்கிய வயலின் இருந்தது.

"நாளைலேர்ந்து கிளாஸ், அஸ்தினாபுரத்துல. டீச்சருக்கு என் பேத்தி வயசு."

அப்போது தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்வாக இறங்கியது. பைனாகுலரை என்னிடமிருந்து வாங்கி அதன் பின்னாலேயே திருப்பினார். விமானம் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்த பிறகும் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"தெரிஞ்சுதா சார்?"

"ரெண்டு இன்ஜினும் நல்லா ஓடுது," என்று சொல்லி, பைனாகுலரின் வாரை என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

நான் கேட்டது அதையல்ல. பர்ஸை எடுத்து, விலை எவ்வளவு என்று கேட்டேன்.