தோற்றவன் பஸ் ஏற வேண்டும்

எங்கள் கால்பந்து கிளப் இங்கிலாந்தில் இருக்கிறது. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். அந்த ஊரை நான் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. ஆனாலும் அந்தச் சிவப்புச் சட்டைக்காரர்கள் சனிக்கிழமை தோற்றால் ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் இதைப் பைத்தியம் என்பார்கள். பைத்தியம் இல்லை என்று சொன்ன ஒரே ஆள் என் தங்கையின் புருஷன். சிதம்பரத்துக்காரன். அவனோடு பேச்சு நின்று பல மாதங்கள் ஆகின்றன.

பெண் பார்க்க வந்த அன்று அவன் போனில் எங்கள் கிளப்பின் சின்னத்தைப் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான். காபி டம்ளரோடு இரண்டு பேரும் வாசலுக்கு நகர்ந்துவிட்டோம். கோல்கீப்பர் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு வித்தை காட்டலாமா கூடாதா என்று பேச்சு. அவன் அம்மா வெளியே வந்து, "பொண்ணு உள்ள இருக்குதுடா" என்று கூப்பிட வேண்டியதாயிற்று. கல்யாணத்துக்குப் பிறகும் தங்கை இதைச் சொல்லிக் காட்டுவாள். "அவுரு என்னை எங்க பாத்தாரு? உன்னத்தான் பாத்துட்டுப் போனாரு."

எனக்கு எல்லாவற்றின் மேலும் கருத்து உண்டு. இந்தக் காலத்து கோல்கீப்பர்கள் பந்தைத் தூக்கி அடிக்காமல் பின்னாலேயே உருட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வீடியோவில் கோடு போட்டு, தோள்பட்டை முன்னால் இருக்கிறது என்று ஆஃப்சைடு கொடுக்கிறார்கள். இதனால் கோல் விழுந்தால்கூட முழுசாகக் கத்த முடிவதில்லை, பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கோடி கோடியாகக் கொட்டும் கிளப்புகளை மனசாரத் திட்டுவேன். அவர்களுடைய நடுக்கள ஆட்டக்காரன் ஒருவன் எங்களிடம் வந்தால் தேவலையே என்று ஏங்கவும் செய்வேன். மச்சான் இதற்கெல்லாம் சிரிப்பான். அவனோடு நிஜமான சண்டை ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான். எங்கள் இடது பக்க விங்கர், மைதானத்தின் ஓரமாக ஓடி ஆடுகிறவன்.

"அவன் அடிக்கிற பந்து கோலுக்குப் போறத விட கேலரிக்குப் போறதுதான் ஜாஸ்தி" என்பேன்.

"பந்தையே பாக்காத மச்சான், அவன் ஓட்டத்தப் பாரு. ரெண்டு பேரத் தங்கூடவே இழுத்துட்டுப் போறான். மத்தவனுக்கு வழி எப்புடி கெடைக்குதுன்ற?"

இதிலிருந்துதான் எங்கள் சட்டம் வந்தது. அந்த வாரம் விங்கர் உருப்படியாக ஆடினால் என் கருத்து தோற்றது. அடுத்த சனிக்கிழமை நான் துறைமுகத்தில் மீன் வாங்கிக்கொண்டு, சேர்ந்து மேட்ச் பார்க்கச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். சொதப்பினால் அவன் சிதம்பரத்துக் கத்திரிக்காய் கொத்சு நிறைத்த தூக்கோடு கடலூருக்கு வர வேண்டும். அவன் வந்தால் தங்கையும் வருவாள். அதனால் நான் சிதம்பரம் போகும் சனிக்கிழமைகளில் அவள் அடுக்களையில் உட்கார்ந்து, முகம்கூடத் தெரியாத ஒரு ஆட்டக்காரன் சொதப்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்வாள். மேட்ச் முடிந்ததும் அங்கிருந்தே குரல் கொடுப்பாள். "சொதப்பிட்டான்ல? அம்மாகிட்ட சொல்லு, வரேன்னு."

ஒருநாள் மேட்ச் எதுவும் இல்லாத வாரத்தில், அவள் மட்டும் இரண்டு பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவன் ஆபீசில் வேலை பார்க்கும் இன்னொரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறான் என்று சொன்னாள். அழவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

மறுநாளே சிதம்பரம் போனேன். 'அப்படியெல்லாம் இல்லை' என்று ஒரு பேச்சுக்காவது அவன் சொல்வான் என்று நினைத்திருந்தேன்.

"ஆயிடுச்சு மச்சான்" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

"இனிமே என்னை மச்சான்னு கூப்புடாத" என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ் ஆலப்பாக்கம் தாண்டிய பிறகுதான் கண்டக்டர் கொடுத்த மீதிச் சில்லறையைப் பையில் போட்டேன்.

கிளப்பை விட்டு ஓடும் ஆட்டக்காரனை எப்படி வெறுப்பது என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் வாயார வைதுவிட்டு, அவன் இடத்துக்கு வந்தவனுக்குக் கைதட்ட ஆரம்பித்துவிடுவோம். இது அப்படி நடக்கவில்லை. என் தங்கைக்குத் துரோகம் செய்தவன் மேல் எனக்குக் கோபம் மட்டும்தான் இருக்க வேண்டும். கோபம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் சனிக்கிழமையும் வந்துவிடுகிறது. அன்று அவன் குரல் இல்லாமல் எனக்கு மேட்ச் பார்க்கத் தெரியவில்லை. இதை வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை பெரிய மேட்ச். சமநிலையில் முடியப் போகிறது என்று எழுந்திருக்கப் போனேன். அப்போது இடது பக்கத்திலிருந்து அந்த விங்கர் உள்ளே வெட்டித் திரும்பிப் பந்தை அடித்தான். வழக்கம்போல கேலரிக்குத்தான் என்று நினைத்தேன். பந்து மூலையில் போய் வலையில் விழுந்தது. கத்திக்கொண்டே போனைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் யாருக்கு எடுத்தேன் என்று உறைத்தது. 'என்னா சொன்னேன் உங்கிட்ட?' என்று அவன் என்னைக் குத்திக் காட்ட வேண்டும். கேட்டுத் தலை குனிய நான் தயாராக இருந்தேன். போன் சும்மா கிடந்தது.

துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை எட்டிப் பார்த்தாள். "யாரு போட்டது?"

"அந்த விங்கர்தான்."

"அப்டின்னா அடுத்த வாரம் நீதான பஸ் ஏற..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். மடித்த துணியை உதறி மறுபடியும் மடித்தாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் துறைமுகம் போய் மீன் வாங்கினேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டியைத் திருப்பினேன். "சிதம்பரம், சிதம்பரம்" என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். "ஏறுறீங்களா சார்?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். பஸ் கிளம்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மீன் பையை வாங்கிய தங்கை அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மீனைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் மேட்ச் ஆரம்பித்ததும் வந்து, தன் புருஷன் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் மேட்ச் பார்க்க உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அந்த விங்கர் எவன்ணா? காட்டு."

காட்டினேன்.

"இவன் சொதப்பணும்னு எவ்ளோ வேண்டியிருப்பேன். அப்பத்தான் இங்க வர முடியும்னு" என்றாள்.

இடைவேளை வரை பந்து எங்கெங்கோ போனது. அவள் அந்த விங்கரின் ஓட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.