அத்தானிடம் வந்த ஒயின்

செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி, வாழைச்சருகு வைத்துக் கட்டியிருந்த அந்த பாட்டிலைத் தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து வாங்கி வந்தவன் நான்தான். லேபிள் கிடையாது. வெளிச்சத்தில் பிடித்தால் கலங்கலாக, கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. என் அக்காள் கணவரான அத்தானுக்கு அவருடைய நண்பர் பஸ்ஸில் கொடுத்து அனுப்பியது. இருவரும் முன்பு ஒரே கப்பலில் வேலை பார்த்தவர்கள். கம்பத்துக்குத் திரும்பிய நண்பர், லைசென்ஸ் வாங்கி, தன் தோட்டத்துத் திராட்சையை எதுவும் சேர்க்காமல் தானாகவே புளிக்கவிட்டுச் செய்த முதல் ஒயின் அது. அண்ணன் நீங்கள் நல்லாயிருக்கு என்று சொன்னால்தான் மீதியை பாட்டிலில் அடைப்பேன் என்று போனில் சொல்லியிருந்தார்.

அத்தான் இருபது வருஷம் பயணிகள் கப்பலில் ஒயின் பரிமாறியவர். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாலே எது கெட்டது, எது இன்னும் கிடக்க வேண்டியது என்று சொல்லிவிடுவார். கொரோனா காய்ச்சல் அந்த மூக்கைப் பறித்துக்கொண்டது. சாரல் சமயத்தில் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன். ஐந்தருவி ரோட்டில் நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கிற சட்டிப் பக்கம் வெகுநேரம் குனிந்து நின்றார்.

"சூடு தெரியுது மாப்ளே. வேற ஒண்ணும் தெரியல."

அக்காளையும் என்னையும் தவிர யாருக்கும் அதை அவர் சொல்லவில்லை.

பாட்டிலைத் திறந்து ஒரு கிளாஸ் ஊற்றினார். பழைய பழக்கத்தில் சுழற்றினார், முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார். "புளிப்பு இருக்கு, துவர்ப்பு இருக்கு. அவ்வளவுதான்" என்று கிளாஸை என்னிடம் நீட்டினார். "நீ மோந்து சொல்லு."

"கெட்ட வாடை அடிக்கி அத்தான்."

"என்ன வாடை? புளிச்ச காடியா, அழுகுன முட்டையா? காடின்னா ஒண்ணும் செய்ய முடியாது. முட்டைன்னா காத்துப் பட்டாப் போயிரும். நல்லாப் பாருலே."

மறுபடி மறுபடி முகர்ந்தேன். முகர முகரக் குழப்பம்தான் கூடியது. ஒருவர் வருஷம் முழுவதும் பாடுபட்டது என் மூக்கில் வந்து நிற்கிறதே என்றிருந்தது. அதற்குள் கம்பத்திலிருந்து போன் வந்துவிட்டது.

அத்தான் பொய் சொல்லவில்லை. "தம்பி, எனக்கு மூக்கு போயிட்டு. வாசமே தெரியல. என்னால சொல்ல முடியாது" என்றார். "புரியுதுண்ணே. நல்லால்லன்னு சொல்ல மனசு வராம இப்படிச் சொல்றீங்க" என்று நண்பர் சிரித்தார். அத்தான் சத்தியம் பண்ணியும் நம்பவில்லை.

மறுநாள் காலை, மிச்ச ஒயினோடு லேசாகத் தட்டு போட்டு மூடியிருந்த கிளாஸைக் கழுவ எடுத்தேன். முந்தின நாள் வாடை இல்லை. பழ வாசனை கமகமவென்று வந்தது. நான் சொன்னதுமே அத்தான் போனை எடுத்தார்.

"தம்பி, சரக்கு நல்ல சரக்குதான்! காத்துப் பட்டதும் சரியாயிட்டு!"

"விடுங்கண்ணே, எனக்காகச் சொல்லாதீங்க. விடிஞ்சதும் எல்லாத்தையும் ஓடையில விட்டுட்டேன்."

அத்தான் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படி இருக்குன்னு சொல்லு."

"நாவல்பழம் மாதிரி இருக்கு அத்தான்."

"அப்புறம்?"

திரும்ப முகர்ந்தேன். என்னென்னவோ இருந்தது. எதற்கும் எனக்குப் பெயர் தெரியவில்லை.

"நாவல்பழம்தான் அத்தான்."

"அப்புறம்லே?" என்றார்.